அவர்களைத் தனியாகக் கேளுங்கள்

சிங்கப்பூரின் சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சுக்கும் பொதுப் பாதுகாவலர் அலுவலகத்துக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அமைச்சர் அவர்களுக்கும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அறிவுத்திறன் குறைபாட்டோடு குடும்பத்தாரின் பொறுப்பில் வாழும் பெரியவர்களை ஆண்டுக்கு ஒரு தடவையாவது வீட்டார் யாரும் பக்கத்தில் இல்லாத இடத்தில் உட்காரவைத்து, அவர்களுக்குப் புரிகிற மொழியில், அவர்களுடைய பணத்தைப் பற்றி யாராவது கேட்க வேண்டும். புகார் வந்த பிறகு கேட்பது இப்போதும் நடக்கிறது. நான் எழுதுவது புகாரே வராத வீடுகளைப் பற்றி. தனக்கு நடப்பது தவறு என்பதே ஒருவருக்குத் தெரியாதபோது அவரிடமிருந்து புகார் எப்படி வரும்?

என் அப்பாவின் தங்கை ஒருவர் இருக்கிறார். ஐம்பதைத் தாண்டியவர். பிறவியிலேயே அறிவு வளர்ச்சி குறைவு. நன்றாகப் பேசுவார், துணி மடிப்பார், பழகிய எம்ஆர்டி ரயில் நிலையத்தில் தானே இறங்கி வீட்டுக்கு வந்துவிடுவார். பத்து வெள்ளித் தாள் சிவப்பு, ஐம்பது வெள்ளித் தாள் நீலம் என்று தெரியும். எதற்கு எவ்வளவு வாங்கலாம் என்று தெரியாது. பகலில் உடற்குறையுள்ளோருக்கான பணிக்கூடம் ஒன்றில் பொட்டலம் கட்டுகிறார். மாதாமாதம் ஒரு சிறு தொகை அவர் கணக்கில் விழும். பாட்டி இருந்தவரை பாஸ்புக் பாட்டியிடம் இருந்தது. மாதம் ஒருமுறை அத்தையைக் கூட்டிக்கொண்டு வங்கிக்குப் போவார், புத்தகத்தில் பதிவானதும் அத்தை கையில் கொடுத்து, “பாரு, இது உன்னோடது” என்பார்.

பாட்டி காலமான பிறகு அத்தை பெரியப்பா வீட்டுக்குப் போனார். பாட்டி பல ஆண்டுகள் துப்புரவு வேலை பார்த்துச் சேர்த்த மத்திய சேம நிதிப் பணத்துக்கு வாரிசு நியமனம் எதுவும் செய்திருக்கவில்லை. நியமனம் இல்லாத பணம் பொது அறங்காவலர் வழியாக வாரிசுரிமைச் சட்டப்படி பிரிக்கப்படும். தாத்தா முன்பே போய்விட்டதால் பிள்ளைகள் எல்லாருக்கும் சம பங்கு. அத்தைக்கும் அதே பங்கு கிடைத்தது. அவர் வாழ்நாளில் அவர் பெயருக்கு வந்த பெரிய தொகை அதுதான்.

கொஞ்ச நாளிலேயே அவருடைய கணக்கு ‘வசதிக்காக’ கூட்டுக் கணக்காக மாறியது. இருவரில் யார் கையெழுத்துப் போட்டாலும் பணம் எடுக்கலாம் என்கிற வகை. ஏடிஎம் அட்டை பெரியப்பாவின் பணப்பைக்குள் போனது. அரசாங்கச் சேவைகளுக்கான மின்னிலக்க அடையாளமான அத்தையின் சிங்பாஸ் பெரியப்பா மகனின் கைப்பேசிக்குள் போனது. அரசாங்கம் தரும் ஜிஎஸ்டி பற்றுச்சீட்டு ரொக்கம் அந்தக் கூட்டுக் கணக்கில் வந்து விழுந்தது. 2025ல் நாட்டின் 60ஆம் ஆண்டையொட்டி எஸ்ஜி60 பற்றுச்சீட்டு கொடுத்தீர்கள். சமூக மேம்பாட்டு மன்றங்கள் வழியாக வரும் சிடிசி பற்றுச்சீட்டு வீட்டுக்கு ஒன்று. இது அப்படி இல்லாமல் ஆளுக்கு ஒன்றாக வந்தது, 21 முதல் 59 வயது வரையுள்ள ஒவ்வொரு சிங்கப்பூரருக்கும் 600 வெள்ளி. அத்தைக்கும் வந்திருக்கும். அப்படி ஒன்று தன் பெயருக்கு வந்ததே அவருக்குத் தெரியாது. நான் கேட்டபோது, “எனக்கா?” என்றார்.

பாட்டியின் நகையைப் பிரித்த அன்று நானும் இருந்தேன். அத்தைக்கு இரண்டு வளையல் என்று பாட்டி உயிரோடு இருந்தபோதே சொல்லியிருந்தார். “அவளுக்கு எதுக்கு வளையல்? போட்டுக்கிட்டு எங்க போகப் போறா?” என்றார் பெரியப்பா. கூடத்தில் இருந்த எல்லாரும் தலையாட்டினார்கள். அத்தையும் தலையாட்டினார். அவர் யார் என்ன சொன்னாலும் தலையாட்டுவார். சண்டை வந்துவிடுமோ என்ற பயம் அவருக்கு உண்டு, தன்னை எங்காவது அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் அதைவிட அதிகம்.

பெரியப்பா குடும்பத்தை அரக்கர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. பெரியம்மா தினமும் அத்தைக்குச் சமைத்துப் போட்டார். காய்ச்சல் வந்தால் பலதுறை மருந்தகத்துக்கு அவர்தான் அழைத்துப் போனார். “சாப்பாடு போடுறோம், துணி எடுத்துத் தர்றோம், அவளுக்குத் தனியா எதுக்குப் பணம்?” என்று அவர்கள் கேட்டபோது அதில் பொய்யில்லை, அவர்கள் அப்படித்தான் நம்பினார்கள். பணம் சாப்பாட்டுக்குப் போனதா, அவர்கள் மகனின் கல்யாண மண்டபத்துக்குப் போனதா என்று என்னால் சொல்ல முடியாது. யாராலும் சொல்ல முடியாது. கணக்கென்று ஒன்று எழுதப்படவே இல்லை. அத்தையின் பங்கில் மிஞ்சியது மிகக் கொஞ்சம்.

விஷயம் வெளியே வந்தது ஒரு வங்கி முகப்பில். மீதித் தொகையை எடுத்துக் கணக்கை மூடுவதற்காக அத்தையையும் கூட்டிக்கொண்டு போயிருந்தார் பெரியப்பா. முகப்பில் இருந்த இளம்பெண் பெரியப்பாவைச் சற்றுத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, தமிழ் தெரிந்த சக ஊழியர் ஒருவரை அழைத்து அத்தையிடம் பேசவைத்திருக்கிறார். “இந்தப் பணத்தை என்னம்மா செய்யப் போறீங்க?” என்று கேட்டிருக்கிறார் அந்த ஊழியர். “எனக்குத் தெரியாது, அண்ணன் எடுத்துக்கும்.” “உங்களுக்கு ஏதாச்சும் வாங்கணுமா?” “செருப்பு வேணும். இது கால் கடிக்குது. கேட்டா திட்டுவாங்க.” அன்றைக்குக் கணக்கு மூடப்படவில்லை. அப்புறம்தான் ஒரு சமூக ஊழியர் வந்தார், மற்றவை நடந்தன.

பல ஆண்டுகளாக உறவினர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள், பணிக்கூடத்தார், மருந்தகத்தார் என்று எத்தனையோ பேர் அத்தையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். பெரியப்பா காதில் விழாத தொலைவில் வைத்துக் கேட்கப்பட்ட முதல் கேள்வி அந்த முகப்பில் கேட்டதுதான். பதில் கிடைக்கச் சில நிமிடங்கள் போதுமாக இருந்தது.

இனிச் சட்டத்துக்கு வருகிறேன். நான் வழக்கறிஞர் இல்லை. அத்தைக்காக இவற்றைப் படிக்க வேண்டி வந்தது.

எளிதில் பாதிக்கப்படக்கூடிய பெரியவர்களுக்கான சட்டம் 2018ல் நிறைவேறி, அதே ஆண்டு டிசம்பரில் நடப்புக்கு வந்தது. 18 வயதோ அதற்கு மேலோ ஆகி, உடலாலோ மனத்தாலோ தன்னைத் தற்காத்துக்கொள்ள முடியாதவர்களின் வீட்டுக்குள் உங்கள் அதிகாரிகள் நுழைந்து பார்க்கவும், தேவைப்பட்டால் அவர்களைப் பத்திரமான இடத்துக்குக் கொண்டுபோகவும் அது வழி செய்கிறது. நல்ல சட்டம். ஆனால் அதில் துன்புறுத்தல் என்பதற்குத் தந்திருக்கும் விளக்கத்தில் அடி உதை இருக்கிறது, மனத்தைப் புண்படுத்துவது இருக்கிறது, மிரட்டி அடக்கி வைப்பது இருக்கிறது. பணத்தைச் சுரண்டுவது அதன் பெயராலேயே குறிப்பிடப்படவில்லை. திருட்டு, நம்பிக்கை மோசடி ஆகியவற்றுக்குத் தண்டனைச் சட்டம் இருக்கிறது என்பது உண்மை. 2020 ஜனவரியில் வந்த திருத்தத்தால், இத்தகையோருக்கு எதிரான குற்றங்களுக்கு இரு மடங்கு வரை தண்டனை தரவும் முடியும். சரி. ஆனால் அதற்கு முதலில் குற்றம் நடந்தது என்று காட்ட வேண்டும். கூட்டுக் கணக்கிலிருந்து கூட்டுக் கணக்குக்காரர் பணம் எடுப்பதை எந்தக் காவல் நிலையத்தில் போய் எப்படிக் குற்றமென்று காட்டுவது? அத்தையை யாரும் அடிக்கவில்லை, பூட்டி வைக்கவில்லை. அவர் உடம்பில் ஒரு காயம் கிடையாது.

தண்டனைச் சட்டம் எடுத்தவரைப் பார்க்கிறது. எனக்கு வேண்டியது, இழப்பவரை முன்கூட்டியே பார்க்கிற ஏற்பாடு. அந்த 2018 சட்டத்தில் பணச் சுரண்டலையும் துன்புறுத்தலின் ஒரு வகையாகப் பெயர் சொல்லிச் சேருங்கள். சேர்த்தால் சமூக ஊழியருக்குக் கதவைத் தட்ட ஒரு காரணம் கிடைக்கும். அடி விழும்வரை அவர் காத்திருக்க வேண்டியிராது.

அடுத்தது மன ஆற்றல் சட்டம். 2008ல் இயற்றப்பட்டு 2010ல் நடப்புக்கு வந்தது. ஒருவருக்கு ஆற்றல் இல்லை என்று நிரூபிக்கப்படும்வரை ஆற்றல் உண்டு என்றே கொள்ள வேண்டும் என்பது அதன் அடிப்படைகளில் ஒன்று. முடிவு புத்திசாலித்தனமாக இல்லை என்பதற்காக மட்டும் அவருக்கு ஆற்றல் இல்லை என்று சொல்லிவிடக் கூடாது என்பது இன்னொன்று. இரண்டையும் நான் மனமார ஏற்கிறேன். அத்தைக்கு என்ன வேண்டும் என்பதை அவரே சொல்ல முடியும் என்பதுதான் என் வாதமே. ஆனால் இந்த நல்ல கொள்கைகளின் நிழலில் ஒரு கூட்டம் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. முழு ஆற்றல் இல்லை, முழுதும் இல்லாமலும் இல்லை என்ற நிலையில் இருப்பவர்கள். அவர்களுக்கு நீதிமன்றம் நியமித்த பிரதிநிதி இருப்பதில்லை. ஆற்றல் இழந்தால் தனக்காக முடிவெடுக்க ஒருவரை முன்கூட்டியே நியமித்து வைக்கும், எல்பிஏ எனப்படும் நீடித்த அதிகாரப் பத்திரமும் இருப்பதில்லை. யாருடைய கோப்பிலும் அவர்கள் இல்லை. ஒரு அண்ணனோ அக்காவோ பாஸ்புக்கை எடுத்து வைத்துக்கொண்டதோடு எல்லா ஏற்பாடும் முடிந்துவிடுகிறது.

‘அவர் கையெழுத்துப் போட்டாரே, தலையாட்டினாரே’ என்பது இந்த வீடுகளில் கேட்கும் பதில். இதற்கு நம் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015லேயே வழிகாட்டியிருக்கிறது. ‘பிகேஆர்’ என்று எழுத்துகளால் மட்டும் குறிக்கப்பட்ட அந்த வழக்கில், ஒருவரின் மன ஆற்றலைத் தீர்மானிக்கும்போது அவர் உண்மையில் எந்தச் சூழலில் வாழ்கிறார், சுற்றியிருப்பவர்கள் அவர்மீது தகாத செல்வாக்குச் செலுத்துகிறார்களா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்கில் யாருடைய மன ஆற்றல் பேசப்பட்டதோ அந்த அம்மையார் வசதியான குடும்பத்தைச் சேர்ந்தவர். அவருக்காக வழக்காட ஆட்கள் இருந்தார்கள். மூவறை வீட்டில் இருக்கும் என் அத்தைக்கும் அதே பார்வை கிடைக்க வேண்டுமென்றால், அவர் எந்தச் சூழலில் வாழ்கிறார் என்று யாராவது வந்து பார்த்தாக வேண்டும்.

நீதிமன்றம் நியமித்த பிரதிநிதிகள் உங்கள் அலுவலகத்துக்கு ஆண்டறிக்கை தருகிறார்கள். வரவு, செலவு, இருப்பு எல்லாம் அதில் இருக்கும். அதை எழுதுபவர் பணத்தைக் கையாள்பவர். பணத்துக்கு உரியவரின் குரல் அதில் எங்கே வருகிறது? மன ஆற்றல் சட்டத்திலேயே பார்வையாளர் வாரியம் ஒன்றுக்கு இடம் இருக்கிறது. பொதுப் பாதுகாவலர் கேட்டுக்கொண்டால் அவர்கள் நேரில் போய்ப் பார்த்துவர முடியும். புதிதாக ஓர் அமைப்பை உண்டாக்கும்படி நான் கேட்கவில்லை. இருக்கிற இந்த வாரியத்தைப் பெரிதாக்கி, சந்தேகம் வந்த வீடுகளுக்கு மட்டும் என்றில்லாமல், முறைவைத்து எல்லா வீடுகளுக்கும் அனுப்புங்கள். எல்லா வீட்டுக்கும் வருகிறார்கள் என்றால் எந்த வீட்டுக்கும் அவமானம் இல்லை.

இங்கே ஒன்றை நினைவூட்ட வேண்டும். உடற்குறையுள்ளோர் உரிமைகளுக்கான ஐக்கிய நாட்டு உடன்படிக்கையை சிங்கப்பூர் 2013ல் ஏற்றது. அதன் 12ஆம் விதி, இவர்கள் தங்கள் பண விவகாரங்களைத் தாங்களே நடத்தும் சம உரிமையைப் பற்றிப் பேசுகிறது. அவர்களின் சொத்து தன்னிச்சையாகப் பறிக்கப்படக் கூடாது என்கிறது. அவர்களுக்காக மற்றவர்கள் முடிவெடுக்கும் ஏற்பாடுகளைச் சீரான இடைவெளியில் மறுஆய்வு செய்ய வேண்டும் என்றும் சொல்கிறது. இந்த மறுஆய்வு விஷயத்தில் சிங்கப்பூர் விலக்கு வைத்துக்கொண்டது. நம்மிடம் நீதிமன்றமும் கண்காணிப்பு அமைப்புகளும் இருக்கின்றன, விண்ணப்பம் வரும்போதும் தேவையான வேளைகளில் தாமாகவும் அவை பார்த்துக்கொள்ளும் என்பது அதற்குத் தந்த விளக்கம். அன்றைக்கு அது போதுமானதாகத் தோன்றியிருக்கலாம். அத்தையின் கதைக்குப் பிறகு எனக்கு அது போதவில்லை. அவருக்காக விண்ணப்பம் போட யாரும் இல்லாமல் ஆண்டுகள் ஓடின. அந்த விலக்கை விலக்கிக்கொள்வது பற்றி யோசியுங்கள் என்று பணிவாகக் கேட்கிறேன்.

அடுத்தது மொழி. நம் சமூகத்துக்கு இது பெரிய விஷயம், வெளியே அதிகம் பேசப்படாத விஷயமும்கூட. அத்தைக்குத் தமிழ் மட்டும்தான் ஓடும். சந்தையில் பழகிய மலாய்ச் சொற்கள் கொஞ்சம் உண்டு. ஆங்கிலத்தில் கேட்டால் எல்லாவற்றுக்கும் ‘யெஸ்’ என்பார். மருத்துவரிடம் போனாலும், வங்கிக்குப் போனாலும், ஏதாவது அலுவலகத்துக்குப் போனாலும் அவருக்காக மொழிபெயர்த்தது பெரியப்பாவோ அவர் மகனோதான். “அவங்களுக்குச் சம்மதமான்னு கேளுங்க” என்று எதிரே இருப்பவர் ஆங்கிலத்தில் சொல்வார். பெரியப்பா அத்தையைத் திரும்பிப் பார்த்து, “சரின்னு சொல்லு” என்பார். அத்தை “சரி” என்பார். “ஷீ அக்ரீஸ்” என்று பெரியப்பா சொல்வார். எதிரே இருந்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். குடும்பத்தார்தானே, இவர்களைவிட யாருக்கு அவரைப் புரியும் என்று நினைத்திருப்பார்கள்.

தமிழ் இந்த நாட்டின் 4 அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று. ஆகவே, பணம், சொத்து, எல்பிஏ, மன ஆற்றல் மதிப்பீடு என்று வரும் எந்த இடத்திலும் குடும்பத்தார் மொழிபெயர்ப்பாளராக இருக்கக் கூடாது என்று ஒரு விதி வேண்டும். தமிழுக்கு மட்டும் அல்ல. ஹொக்கியன் மட்டுமே தெரிந்த பாட்டிகளுக்கும், பேச்சே வராமல் சைகையால் மட்டும் உணர்த்துபவர்களுக்கும் இது வேண்டும். எல்பிஏ எழுதும்போது சான்றளிக்கும் மருத்துவரோ வழக்கறிஞரோ, எழுதுபவருக்கு விஷயம் புரிகிறது, ஏமாற்றோ வற்புறுத்தலோ இல்லை என்று உறுதி செய்தாக வேண்டும். அந்த அக்கறை மற்றத் தருணங்களுக்கும் நீள வேண்டும்.

இப்படி எல்லாரையும் கேட்டால் நேர்மையாகப் பார்த்துக்கொள்ளும் குடும்பங்கள் புண்படாதா என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். முப்பது ஆண்டுகள் ஒரு மகனைக் குளிப்பாட்டி, ஊட்டி, தூங்கவைத்த தாயிடம் ஒரு நாள் யாரோ வந்து கணக்குக் கேட்டால் அவருக்கு எப்படி இருக்கும்! அதனால் கேட்கும் விதத்தில் மரியாதை வேண்டும். பார்த்துக்கொள்பவருக்கு உரியதை வெளிப்படையாகக் கொடுக்கவும் வேண்டும். இல்லப் பராமரிப்பு மானியம் இருக்கிறது, ஆனால் அது அன்றாடச் செயல்களில் குறைந்தது 3க்கு நிரந்தரமாகத் துணை தேவைப்படுவோருக்கு. என் அத்தை தானே குளிப்பார், தானே சாப்பிடுவார், தானே உடுத்துவார். அந்த அளவுகோலில் அவரைப் பார்த்துக்கொள்வது ஒரு வேலையாகவே தெரியாது. ஆனால் அவரைத் தனியே விட்டு இரண்டு நாள் எங்கும் போக முடியாது என்பது பெரியம்மாவுக்குத் தெரியும், எங்களுக்கும் தெரியும். பெரியம்மாவுக்கு மாதம் ஒரு தொகை அத்தையின் பணத்திலிருந்தே எழுத்து மூலமாகப் போயிருந்தால் நான் அதை முழு மனத்தோடு வரவேற்றிருப்பேன். அறிவுத்திறன் குறைபாடுள்ளோரைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு அந்த மானியம் கிடைக்கும்படி அளவுகோலை விரிவாக்குங்கள். உழைப்புக்குக் கூலி என்று எதுவும் கிடைக்காதபோது, எடுத்துக்கொள்வதில் தப்பில்லை என்ற எண்ணம் மெல்ல உள்ளே வந்துவிடுகிறது.

வெளியாள் ஒருவர் எடுத்தால் இந்த நாடு கொதிக்கிறது. யாங் யின் வழக்கு எல்லாருக்கும் நினைவிருக்கும். சீனாவிலிருந்து வந்த சுற்றுலா வழிகாட்டி, வசதியான முதிய விதவை ஒருவரின் வீட்டில் குடியேறி, எல்பிஏவும் பெற்று, 1.1 மில்லியன் வெள்ளி நம்பிக்கை மோசடி செய்ததாக 2016ல் தண்டிக்கப்பட்டார். மேல்முறையீட்டுக்குப் பிறகு மொத்தத் தண்டனை 11 ஆண்டுகள் 2 மாதங்கள். அந்த மூதாட்டியின் உறவுப் பெண் ஒருவர் நீதிமன்றப் படி ஏறியதால் வெளிவந்த வழக்கு அது. அவரை எல்லாரும் பாராட்டினார்கள். நான் சொந்தப் பெரியப்பாவைப் பற்றிக் கேட்டபோது, “அத்தை பணத்து மேல உனக்கும் கண்ணா?” என்றார்கள். “குடும்ப மானத்தை வாங்கிட்டியே” என்றார்கள். வேறொருவர், “உங்க அப்பா இருந்திருந்தா இப்படிச் செய்ய விட்டிருப்பாரா?” என்றார். எடுத்தவர் அந்நியர் என்றால் கேட்பவர் நல்லவர் ஆகிவிடுகிறார். எடுத்தவர் அண்ணன் என்றால் கேட்பவர்மீதுதான் பழி விழுகிறது. இதனால்தான் கேட்கும் பொறுப்பை உறவினர்களிடம் விட்டுவிடாதீர்கள் என்கிறேன். உறவினர் கேட்டால் அது பங்காளிச் சண்டையாகிவிடும். அரசாங்கம் வழக்கமாகக் கேட்கும் கேள்வியாக இருந்தால் யாருக்கும் கோபம் வர இடமில்லை.

இந்த மடலைப் படிக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கும் கோயில்களிலும் சங்கங்களிலும் பொறுப்பில் இருக்கும் பெரியவர்களுக்கும் சில வார்த்தைகள். சிறப்புத் தேவையுடைய பிள்ளை இருந்தால் மத்திய சேம நிதி நியமனத்தைத் தள்ளிப் போடாதீர்கள். நீங்கள் போன பிறகு சேம நிதிப் பணம் பிள்ளைக்கு மொத்தமாக ஒரே நாளில் போகாமல் மாதாமாதம் போகும்படி செய்யும் சிறப்புத் தேவைச் சேமிப்புத் திட்டம் 2014லிருந்து இருக்கிறது. எஸ்என்டிசி என்று, பிள்ளைக்காகப் பணத்தை வைத்து நிர்வகிக்கும் லாப நோக்கமற்ற அறநிதி நிறுவனம் இருக்கிறது. அங்கே 5,000 வெள்ளியில் அறநிதி தொடங்கலாம், முதலுக்கு அரசாங்க உத்தரவாதம் உண்டு, கட்டணத்தில் பெரும்பகுதியை அமைச்சே ஏற்கிறது. பிள்ளைக்கு 21 வயதானால் பெற்றோரின் சட்ட அதிகாரம் முடிந்துவிடுகிறது. சிறப்புக் கல்விப் பள்ளியில் படிக்கும்போதே, பள்ளியின் உதவியோடு, பிரதிநிதியாக நியமிக்கும்படி நீதிமன்றத்தில் விண்ணப்பிக்க ஒரு திட்டம் உண்டு, பள்ளியில் கேளுங்கள். வழக்கறிஞருக்குக் கொடுக்க முடியாதவர்கள் சட்ட உதவிப் பிரிவை அணுகலாம். பக்கத்து வீட்டில் ஏதோ சரியில்லை என்று தோன்றினால் 1800-777-0000 என்ற வன்முறைத் தடுப்பு உதவி எண் 24 மணி நேரமும் இயங்குகிறது. நல்லெண்ணத்தோடு தகவல் சொல்பவருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. பாட்டிக்கு இவற்றை யாராவது தமிழில் உட்கார்ந்து சொல்லியிருந்தால் அவர் நிச்சயம் செய்திருப்பார், அத்தையைப் பற்றிய கவலை அவருக்குக் கடைசிவரை இருந்தது. தைப்பூசத்துக்கும் பொங்கலுக்கும் மேடை போடுகிற நம் அமைப்புகள் ஆண்டில் ஒரு மாலை இதற்கும் ஒதுக்க வேண்டும்.

அத்தைக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். போன பணம் திரும்பவில்லை. மிச்சமும் இனி வருவதும் இப்போது வேறு பொறுப்பில் பாதுகாப்பாக இருக்கின்றன. அவர் எங்களோடு இருக்கிறார். பெரியப்பா குடும்பம் எங்களோடு பேசுவதில்லை. அது அத்தைக்கு வருத்தம், “அண்ணன் எப்ப வரும்?” என்று கேட்கிறார். எனக்கும் வருத்தம்தான். தொடக்கத்திலேயே யாராவது கேட்டு, தொடக்கத்திலேயே ஒரு கணக்குப் புத்தகம் வந்திருந்தால், அந்தப் பணத்தோடு அந்த உறவும் தங்கியிருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆண்டுதோறும் ஒருவர் வந்து கேட்பார் என்று தெரிந்திருந்தால் பெரியப்பா அந்த அட்டையைத் தன் பணப்பையில் வைத்துக்கொண்டிருக்க மாட்டார்.

எங்கிருந்து தொடங்குவது என்று யோசித்தால், பணிக்கூடங்களிலும் பகல்நேர நடவடிக்கை நிலையங்களிலும் தொடங்கலாம். அங்கே அவர்கள் ஏற்கெனவே வீட்டாரைப் பிரிந்து பல மணி நேரம் இருக்கிறார்கள், அவர்களுக்குப் பழக்கமான ஊழியர்களும் இருக்கிறார்கள். கேள்விகள் பெரிதாக வேண்டாம். உங்க பணம் எங்க இருக்கு? அதை யார் எடுக்கிறாங்க? உங்களுக்கு ஏதாவது வேணும்னா யார்கிட்டக் கேப்பீங்க, கேட்டா என்ன சொல்வாங்க? வேணாம்னு சொன்னா என்ன ஆகும்? இவ்வளவு போதும். பதிலில் ஏதாவது உறுத்தினால் அடுத்த கட்டமாகச் சமூக ஊழியர் வரட்டும், உறுத்தாவிட்டால் ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த ஆண்டு பார்க்கலாம். எந்த நிலையத்துக்கும் போகாமல் வீட்டுக்குள்ளேயே இருப்பவர்களைக் கண்டுபிடிப்பது கடினம். பலதுறை மருந்தகங்களும் குடும்பச் சேவை நிலையங்களும் அங்கே துணை நிற்க முடியும்.

தமிழில் கேட்க ஆட்கள் போதவில்லை என்றால் பயிற்சி கொடுங்கள். பணி ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் தாதியரும் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். முதல் ஆளாக நான் பெயர் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் அண்ணன் மகள்
ஈசூன், சிங்கப்பூர்